பச்சிலையா? பகவானின் பத்தினியா?

துளசியின் மகத்துவத்தைப்பற்றி இப்பொழுது நாட்டில் நடைபெறும் பிரசாரம் முன்போல் இல்லை. முன்பெல்லாம் உபந்நியாசம் செய்கிறவர்கள், துளசியை வலம் வந்தால் ஏழு ஜன்மப் பாவம் தொலையும் என்றும், சாகும்போது வாயில் துளசித் தீர்த்தம் விட்டால் வைகுண்டம் நிச்சயம் என்றும் சொல்லுவார்கள். அது புளுகானாலும் ஒருவகையில் யோக்கியமான புளுகு என்றே சொல்ல வேண்டும். பாவத்தை நிறுத்துப் பார்க்கத் தராசும் இல்லை. வைகுண்டத்திற்குப் போய்த் திரும்பிவந்து சாட்சி சொன்னவனும் இல்லை. கேட்கிறவன் நம்பினால் நம்பலாம், விட்டால் விடலாம். இன்றைக்கோ அதே மேடையில் அதே ஆசாமிகள் புண்ணியத்தைக் கீழே வைத்துவிட்டு ஆக்சிஜனைக் கையில் எடுத்துக் கொண்டிருக்கின்றார்கள். துளசி ராத்திரியிலும் ஆக்சிஜன் விடுகின்றதாம், ஓசோன் விடுகின்றதாம், சகல நோயும் அதன் காற்றுப் பட்டாலே ஓடுகின்றதாம், இதெல்லாம் தெரிந்துதான் "நம் முன்னோர்கள்" வீட்டு முற்றத்தில் மாடம் கட்டிச் சுற்றி வந்தார்களாம், அவர்கள் முட்டாள்கள் அல்லவாம். கைப்பேசியில் வரும் சேதிகளும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கோயில் வாசலில் கொடுக்கப்படும் துண்டுக் காகிதங்களும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன.

புராணத்தைச் சொல்லி நம்ப வைக்க முடியாத காலம் வந்துவிட்டதென்று அவர்களே ஒப்புக் கொண்டு விஞ்ஞானத்தின் வீட்டுத் திண்ணையில் வந்து ஒண்டிக் கொண்டிருக்கின்றார்கள் என்றால், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் திண்ணையில் இடம் கேட்டவர்கள் வீட்டுக்காரனையே வெளியே தள்ளப் பார்க்கும்போது நாம் பேசாமலிருக்க முடியாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். துளசிச் செடியின்மீது நமக்கு யாதொரு துவேஷமும் கிடையாது. சுயமரியாதைக்காரன் என்றால் துளசியைக் கண்டால் பிடுங்கி எறிகிறவன் என்று சிலர் கட்டிவிட்டிருக்கின்றார்கள். அது தும்பை, புதினா, கற்பூரவல்லி இவைகளின் இனத்தைச் சேர்ந்த ஒரு பச்சிலை. சளி கட்டினால் இலையைக் கசக்கிப் பிழிந்த சாற்றில் தேன் கலந்து கொடுப்பதும், மிளகும் சுக்கும் சேர்த்துக் கஷாயம் போடுவதும், இலையைக் கொதிக்க வைத்து வேது பிடிப்பதும், படைக்குச் சாற்றைத் தேய்ப்பதும் நம் பாட்டிமார் கைகண்ட வழக்கம். அதன் வாசனைக்குக் காரணமான எண்ணெயில் யூஜினால் என்ற பொருள் இருக்கின்றது. கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதியாய் இருப்பதும், பல் வைத்தியர்கள் வலிக்கு உபயோகப்படுத்துவதும் அதுதான். ஆகவே அந்த இலையில் சரக்கு இருக்கின்றது. இல்லை என்று நாம் சொல்லவில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். திருநீற்றுப்பச்சிலை என்று ஒரு செடி இருக்கின்றதே, சர்பத்தில் போடும் சப்ஜா விதை அதனுடையதுதான். அதுவும் துளசியும் தாவர சாஸ்திரப்படி ஒரே சாதி. ஆசிமம் என்பது இரண்டுக்கும் பொதுக் குலப்பெயர். மண்ணும் தண்ணீரும் அவைகளுக்குள் பேதம் பாராட்டவில்லை. மனிதன்தான் ஒன்றுக்குத் திருநீற்றின் பெயரை வைத்துச் சைவனாகவும், மற்றொன்றைப் பெருமாள் மார்பில் போட்டு வைணவனாகவும் ஆக்கிவைத்தான். பிள்ளையாருக்குத் துளசி ஆகாது என்று வேறு ஒரு விதி. செடிக்கே மதம் பிடித்துவிடும் தேசம் இது.

நிற்க, இந்தச் செடி எப்படிப் புனிதமாயிற்று என்று அவர்கள் புராணமே சொல்லுவதைப் பார்ப்போம். தேவி பாகவதமும் பிரம்ம வைவர்த்த புராணமும் சொல்லுகிறபடி, துளசி என்பவள் சங்கசூடன் என்கிற அசுரனின் மனைவி. அவளுடைய கற்பு கெடாதவரை அவனுக்குச் சாவில்லை. சிவன் அவனோடு சண்டை போட்டு முடியாமல் நிற்கும்போது, விஷ்ணு என்பவர் சங்கசூடனைப் போலவே வேஷம் போட்டுக் கொண்டு அவன் வீட்டுக்குள் போய் அவளை ஏமாற்றிக் கற்பழிக்கின்றார். புருஷன் அங்கே சாகின்றான். உண்மை தெரிந்த அந்தப் பெண், "நீ கல்லாய்ப் போ" என்று சபிக்கின்றாள். அவர் சாளக்கிராமக் கல்லாகின்றார். அவளுடைய உடல் கண்டகி ஆறாகவும், கூந்தல் துளசிச் செடியாகவும் ஆகின்றன. வேறு புராணங்கள் அந்தப் பெண்ணுக்குப் பிருந்தை என்றும் புருஷனுக்குச் சலந்தரன் என்றும் பெயரை மாற்றுகின்றனவே தவிர, பகவானின் யோக்கியதையை மாற்றவில்லை.

இந்தக் கதைக்கு முடிவு என்னவென்றால், கார்த்திகை மாதத்து வளர்பிறைத் துவாதசியன்று, ஏமாற்றப்பட்டவளுக்கும் ஏமாற்றினவனுக்கும் வருஷந்தோறும் கல்யாணம்! துளசி மாடத்தில் நெல்லிக் கொம்பை நட்டு, அதை மாப்பிள்ளை என்று வைத்துக் கொண்டு, பாயசம் வைத்து மங்களம் பாடுகின்றார்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒரு செடிக்கு வருஷா வருஷம் மறுமணம் நடத்தும் அதே வீட்டில், புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்கு மஞ்சளும் பூவும் கொடுக்க இன்றைக்கும் கை கூசுகிறதே, ஏன்? விதவைகள் மறுமணத்திற்குச் சட்டம் வந்தது 1856இல். செடிக்குச் சட்டமே தேவைப்படவில்லை.

இந்தக் கதையில் சளி எங்கே, இருமல் எங்கே, யூஜினால் எங்கே என்று கேட்கின்றோம். மருந்தென்று தெரிந்துதான் புனிதமாக்கினார்கள் என்பது உண்மையானால், மருந்து விஷயம் கதையில் ஓர் ஓரத்திலாவது இருக்க வேண்டாமா? சரி, மருந்துக்காகத்தான் மாடம் என்றால், ஆடாதொடைக்கு மாடம் எங்கே? அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற சத்தைக் கண்டு, அதன் வழியாகச் செய்யப்பட்ட புரோம்ஹெக்சின் என்கிற மருந்துதான் இன்றைக்கு உலகமெங்கும் சளியைக் கரைக்கும் இருமல் மருந்துகளில் சேர்கின்றது. வேலி ஓரத்தில் ஆடு தின்னாமல் விட்ட ஆடாதொடைக்குக் கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. கீழாநெல்லிக்கு எந்தக் கடவுள் தாலி கட்டினார்? தூதுவளையைச் சுற்றி வந்தவன் யார்?

இவர்கள் துளசிக்குப் போட்டிருக்கும் சட்டதிட்டங்களைப் பார்த்தால் மருந்தென்ற எண்ணம் அவர்களுக்குக் கனவிலும் இருந்ததில்லை என்பது விளங்கும். ஞாயிற்றுக்கிழமை பறிக்கக்கூடாது, துவாதசியில் பறிக்கக்கூடாது, அமாவாசை, பௌர்ணமி, மாதப்பிறப்பு ஆகாது, பொழுது சாய்ந்தபின் தொடக்கூடாது, குளிக்காதவன் கிட்டப் போகக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் ஞாயிறு 52, துவாதசி 24, மற்ற மூன்றும் பன்னிரண்டு பன்னிரண்டாக 36. ஒன்றின்மேல் ஒன்று விழுவதைக் கழித்தாலும் சுமார் 100 நாள் இந்த "மருந்துக் கடை" அடைப்பு. மீதி நாளிலும் இருட்டினால் அடைப்பு. இருமல் ராத்திரியில்தான் அதிகம் என்பது பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் தெரியும். அந்தத் தாய் மாதவிலக்கிலிருந்தால் செடியின் பக்கமே போகக்கூடாது; அவள் நிழல் பட்டால் செடி பட்டுப்போகும் என்கின்றார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக் கொள்ளுகிறவள் அவள், மருந்தைத் தொடக்கூடாதவளும் அவள் என்றால், இதை ஏற்படுத்தியவனுக்கு வைத்தியத்தில் அக்கறையா, பெண்ணைத் தீட்டாக்குவதில் அக்கறையா?

உண்மையான வைத்திய நூல்கள் வேறு விதமாய்ப் பேசுகின்றன. சரக சம்ஹிதை இந்த இலையைச் சுரசா என்ற பெயரால் குறித்து, விக்கல், இருமல், மூச்சிரைப்பு, விலாவலி இவைகளுக்காகும், கபத்தையும் வாதத்தையும் போக்கும், ஆனால் பித்தத்தை உண்டாக்கும் என்று எழுதி வைத்திருக்கின்றது. குணத்தோடு தோஷத்தையும் சொல்லுகின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பகவானின் பத்தினி பித்தத்தை உண்டாக்குவாள் என்று எந்தப் பாகவதராவது சொல்லுவாரா? வைத்தியன் சொன்னான், அவனுக்கு அது செடி. விஷத்துக்கும் ஆகும் என்று அதே நூல் சொல்லுகின்றது, அதை நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, பின்னால் வருகின்றோம்.

அந்த வைத்தியனை நம் தர்ம சாஸ்திரக்காரர்கள் எப்படி நடத்தினார்கள்? மநுதர்மம் 3ஆம் அத்தியாயத்தில், தேவ காரியத்துக்கும் பிதிர் காரியத்துக்கும் கூப்பிடக்கூடாதவர்களில் வைத்தியனைச் சேர்த்திருக்கின்றது. (கோயிலில் பூசை செய்து பிழைப்பவனும் அதே வரிசையில்தான் இருக்கின்றான் என்பதை அர்ச்சகர்கள் ஏனோ எடுத்துச் சொல்லுவதில்லை.) 4ஆம் அத்தியாயத்தில், வைத்தியன் வீட்டுச் சோறு சீழுக்குச் சமானம் என்று எழுதியிருக்கின்றது. தைத்திரீய சம்ஹிதையோ, வைத்தியன் கண்டவர்களோடும் கலந்து பழகுவதால் சுத்தமில்லாதவன், பிராமணன் வைத்தியம் செய்யக்கூடாது என்கின்றது. நோயாளியைத் தொட்டு நாடி பார்க்காமல் வைத்தியம் எப்படிச் செய்வது? தொட்டவன் தீட்டுக்காரன் என்றால் வைத்தியம் எப்படி வளரும்? தொட்டவனைச் சீழ் என்று திட்டிவிட்டு, அவன் தேடிக் கண்டுபிடித்த பச்சிலையை மாத்திரம் "எங்கள் வேத காலத்து விஞ்ஞானம்" என்று இன்றைக்குச் சொந்தம் கொண்டாட வருகிறவர்களுக்கு வெட்கம் வேண்டாமா என்று கேட்கின்றோம்.

நம் கிராமங்களில் பச்சிலை தெரிந்தவன் யார்? கட்டியை அறுத்துக் காயத்துக்குக் கட்டுப்போட்டவன் நாவிதன். அவனுக்குப் பரியாரி என்றும் மருத்துவன் என்றும் பெயர். பிள்ளைப்பேறு பார்த்தவள் அவன் வீட்டுப் பெண்; அவள் மருத்துவச்சி. ஊராருடைய உயிரெல்லாம் அவர்கள் கையில் பிழைத்தது. ஆனால் ஊர்க் கூட்டத்தில் அவர்களுக்கு உட்கார இடமில்லை. சித்த மருத்துவத்தில் பேர்பெற்ற அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தீண்டப்படாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்களில் பிறந்தவர்; 1907இல் பத்திரிகை நடத்தியவர். தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக்கு இன்று அவர் பெயர்தான் இருக்கின்றது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் எந்தப் பெருமாள் கோயிலுக்குள்ளாவது போய் ஓர் உத்தரணி துளசித் தீர்த்தம் வாங்கியிருக்க முடியுமா?

தீர்த்தம் என்றதும் ஞாபகம் வருகின்றது. துளசியும் பச்சைக் கற்பூரமும் ஏலமும் போட்ட தண்ணீரைச் செப்புப் பாத்திரத்தில் வைத்துக் கொடுப்பது பொதுஜன சுகாதாரத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடாம். பொதுஜனம் என்றால் யார்? வயலில் சேற்றிலும் பனியிலும் நின்று, சளியும் காய்ச்சலும் மற்றவர்களைவிட அதிகமாய் வாங்கியவன் சேரியிலிருந்தவன். 1939இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சிலர் நுழைந்ததற்கே ஊர் ரெண்டுபட்டது. சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அதுவரை எத்தனை நூற்றாண்டு? அத்தனை காலமும் நோயாளியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நோயில்லாதவனுக்கு வரிசை பார்த்து முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை என்று வார்த்த தண்ணீருக்குச் சுகாதார ஏற்பாடு என்று பெயர் வைக்கிறவர்கள், நம்மை எவ்வளவு மடையர்கள் என்று நினைத்திருக்க வேண்டும்!

இனி ஆக்சிஜன் கதைக்கு வருவோம். 1771இல் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி என்பவர், மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்குள் ஒரு செடித் தளிரை வைத்தார். சில நாள் கழித்து அந்தக் காற்றில் மறுபடி மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் வைத்தது என்ன செடி தெரியுமா? புதினா. துளசிக்கு ஒன்றுவிட்ட சகோதரி! ஆனாலும் அந்நாட்டார் புதினாவுக்கு மாடம் கட்டவில்லை. 1779இல் இங்கன்ஹவுஸ் என்பவர் மேலும் சோதித்து, வெளிச்சம் இருந்தால்தான், அதுவும் பச்சைப் பாகங்கள்தான் இந்தக் காரியத்தைச் செய்கின்றன, இருட்டில் செடியும் நம்மைப்போலவே காற்றைக் கெடுக்கின்றது என்று காட்டினார். துளசிக்கு இதில் விதிவிலக்குக் கிடையாது. ஓசோன் விஷயமோ இன்னும் மோசம். ஆகாயத்தில் உயரே இருந்தால் அது வெயிலின் கொடுமையைத் தடுக்கும். தரையில் நாம் மூச்சு விடும் காற்றில் இருந்தால் அது நுரையீரலைப் புண்ணாக்கும் நஞ்சு. துளசி உண்மையிலேயே ஓசோனைக் கக்குவதானால், அதை முற்றத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி முதலில் எழுதுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். புகழ்கிறோம் என்று நினைத்துக் கொண்டு செடியைத் திட்டிக் கொண்டிருக்கின்றார்கள்!

பழைய ஏட்டிலிருந்து மருந்து வரக்கூடாதென்பது நம் அபிப்பிராயமல்ல. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ என்ற அம்மையார், பழைய வைத்தியக் குறிப்புகளில் சுமார் 2000 பார்த்தார். சிங்காவ் என்னும் ஒரு செடி காய்ச்சலுக்கு ஆகும் என்றிருந்தது. காய்ச்சி வடித்துப் பார்த்தால் சரியாய் வேலை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் என்பவர் எழுதிய நூலில் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கண்டு, காய்ச்சினால் சத்து கெடுகின்றதோ என்று சந்தேகித்து, குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971இல் 191ஆவது மாதிரி பலித்தது. 1972இல் நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமே குடித்துப் பார்த்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் அந்தச் செடியைச் சுற்றிவரவில்லை. ஏட்டைக் கும்பிடவுமில்லை, சந்தேகித்தார்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கின்றது. சர்ப்பகந்தி வேரைப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டதை 1949இல் எழுதி வெளியிட்டார். 1952இல் அதன் சத்தாகிய ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. உலகமெல்லாம் உபயோகித்தார்கள். சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்குவதாகப் புகார் எழுந்ததும், அதையும் எழுதினார்கள். பிறகு அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் இதைக் குறைத்துக் கொண்டார்கள். மருந்தென்றால் அதற்குக் குறை சொல்லலாம். தெய்வமென்றால் சொல்லக்கூடாது. வித்தியாசமெல்லாம் இதுதான்.

துளசி விஷயத்தில் நடந்திருப்பதென்ன? மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை ஒன்று திரட்டி 2017இல் வெளிவந்த ஒரு கட்டுரைக்குக் கிடைத்தவை மொத்தம் 24. சர்க்கரை நோயில் கொஞ்சம் பலன், மனக் கவலையில் கொஞ்சம் பலன் என்று நம்பிக்கை தரும் சேதிகள் அவற்றில் இருக்கின்றன; ஆனால் பெரும்பாலும் சில பேரை வைத்துச் சில வாரம் பார்த்தவை. கோடிக்கணக்கான வீட்டில் மாடம், தினமும் பூசை, மூலைக்கு மூலை உபந்நியாசம், கையில் அகப்படும் சோதனை 24! கும்பிட்ட கை சோதித்துப் பார்க்க ஓய்வில்லாமல் போய்விட்டது.

சோதிக்காமல் பணம் பண்ணுவதற்கு மாத்திரம் ஓய்விருந்தது. 2020இல் கொரோனா வந்து ஜனங்கள் சாகப் பயந்து கிடந்தபோது, மத்திய ஆயுஷ் அமைச்சகம் துளசி, லவங்கப்பட்டை, மிளகு, சுக்கு, உலர்ந்த திராட்சை இவைகளைக் கொண்டு கஷாயம் குடிக்கச் சொன்னது. அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதே வருஷம் ஜூன் 23ஆம் தேதி, துளசி, சீந்தில், அமுக்கிரா சேர்ந்த கொரோனில் என்ற மாத்திரையைப் பதஞ்சலி நிறுவனத்தார் வெளியிட்டு, ஏழு நாளில் நூற்றுக்கு நூறு குணம் என்றார்கள். அன்றைக்கே அதே அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. தப்பான விளம்பரங்களுக்காக அந்த நிறுவனம் 2024இல் உச்ச நீதிமன்றத்தின் முன் மன்னிப்புக் கேட்டு, பத்திரிகைகளிலும் மன்னிப்பை அச்சடித்தது. அமிர்தம் சிந்திய இடத்தில் முளைத்ததென்று புராணம் சொல்லும் சீந்திலை அந்தக் காலத்தில் தினமும் குடித்தவர்களில் 6 பேருக்கு ஈரல் கெட்டதைப் பம்பாய் டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். அமிர்தமாயிருந்தாலும் அளவு கேட்க வேண்டியதுதானே?

விஷக்கடி விஷயம் இன்னும் கொடுமையானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில் வயலில் நடக்கும் ஏழைகள். துளசிச் சாறும் மந்திரமும் என்று இருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டு, மூச்சு நிற்கப்போகும்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்றார்கள். பாம்பு விஷத்துக்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு ஊசிதான் மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தைப் பிடித்துக் கறந்து கொடுக்கிறவர்கள், மாமல்லபுரத்துப் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர்கள். இங்கேயும் உயிர் காக்கும் காரியத்தைச் செய்கிறவன் யார், ஆதிசேஷனுக்குப் பால் வார்க்கச் சொல்லுகிறவன் யார் என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது, கொல்லையில் துளசி இருந்தால் இருக்கட்டும். பக்கத்தில் ஆடாதொடையையும் தூதுவளையையும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும், துவாதசியானாலும், விளக்கு வைத்த பிறகானாலும், மாதவிலக்கிலிருந்தாலும், தாயே போய் இலையைப் பறித்துக் கழுவிக் கசக்கிப் பிழிந்து பிள்ளைக்குக் கொடுக்கட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் மாத்திரம் சேர்க்க வேண்டாம்; அந்த வயதில் தேனால் ஆபத்து உண்டு. பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நின்றால், கஷாயத்தை வைத்துவிட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்; காசு கேட்க மாட்டார்கள். குழந்தை மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே ஒட்டினாலோ, பாலைக் குடிக்காமல் துவண்டாலோ, மாடத்தில் விளக்கேற்றிக் கொண்டு நிற்காமல் உடனே 108க்குக் கூப்பிட வேண்டும்.